அழுத்தமும் எழுத்தும்: ஆங்கில ஸ்பெல்லிங்கில் பேச்சுத் தாளத்தின் பங்கு

ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அசைகள் கொண்ட சொல் எதுவானாலும், அதில் ஓர் அசை மற்றவற்றைவிட ஓங்கி ஒலிக்கும். அது சற்று நீளும்; குரலின் ஏற்ற இறக்கம் அதன்மேல் விழும்; அதன் உயிரொலி தெளிவாகக் கேட்கும். இதையே அழுத்தம் என்கிறோம். அழுத்தம் விழாத அசைகளின் கதி நேர்மாறானது. அவை குறுகும், மங்கும். பல சொற்களில் அவற்றின் உயிரொலி தன் சொந்த அடையாளத்தை இழந்து, நாக்கு வாயின் நடுவில் ஓய்வாக இருக்கும்போது எழுகிற ஒரு பொது முனகலாக ஆகிவிடும். ஒலியியலில் இதற்கு ஷ்வா என்று பெயர். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். ஆனால் இதற்கென ஓர் எழுத்து ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் இல்லை. 'அபவுட்' என்ற சொல்லில் இதை 'ஏ' என்ற எழுத்தால் எழுதுகிறார்கள். 'டேக்கன்' என்பதில் 'ஈ', 'பென்சில்' என்பதில் 'ஐ', 'லெமன்' என்பதில் 'ஓ', 'சர்க்கஸ்' என்பதில் 'யூ'. காதில் விழுவது ஏறத்தாழ ஒரே ஒலி. எழுதும் எழுத்துகள் ஐந்து.

ஆங்கில ஸ்பெல்லிங் ஏன் கடினம் என்று கேட்டால், ஒலிக்காத எழுத்துகளைத்தான் பலரும் சுட்டுவார்கள்: 'நைஃப்' என்ற சொல்லின் முன்னால் நிற்கும் 'கே', 'நைட்' என்பதன் நடுவில் கிடக்கும் 'ஜி-எச்'. இவை கண்ணில் படும் வினோதங்கள். வினோதமாக இருப்பதாலேயே ஒருமுறை கற்றால் மறப்பதில்லை. நன்றாகப் படித்த பெரியவர்கள்கூட வாழ்நாள் முழுவதும் தடுமாறும் இடம் வேறு. 'செப்பரேட்', 'டெஃபினிட்', 'இன்டிபென்டன்ட்', 'கிராமர்', 'காலண்டர்' ஆகியவை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அடிக்கடி பிழையாக எழுதும் சொற்கள். ஐந்திலும் பிழை அழுத்தமில்லாத அசையில்தான் நேர்கிறது; ஷ்வாவுக்கு எந்த எழுத்தைப் போடுவது என்பதே ஐயம். அழுத்தம் பெற்ற அசையில் இந்த அளவு குழப்பம் வருவதில்லை. 'பனானா' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். அதில் 'ஏ' என்ற எழுத்து மூன்று முறை வருகிறது. ஆங்கிலேயர் வாயில் நடு அசை மட்டும் முழுதாக ஒலிக்கிறது; முன்னதும் பின்னதும் ஷ்வா. ஒரே எழுத்து, ஒரே சொல், இரண்டு ஒலிகள். எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை முடிவு செய்வது அழுத்தம் ஒன்றே.

அந்த அழுத்தத்தையோ ஆங்கில எழுத்துமுறை குறிப்பதே இல்லை. ஸ்பானிய மொழியில் பொது விதிக்கு மாறாக அழுத்தம் விழும் சொற்களுக்கு மேலே கோடிட்டுக் காட்டுவார்கள். கிரேக்கத்தில், 1982இல் எளிமையாக்கப்பட்ட முறையிலும், ஒன்றுக்கு மேற்பட்ட அசையுள்ள சொற்களுக்கெல்லாம் அழுத்தக் குறி உண்டு. ஆங்கிலத்தில் அந்த வேலை அகராதிகளிடம் விடப்பட்டது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியிலேயே தலைச்சொற்களுக்கு அழுத்தக் குறி இருந்தது. ஆனால் அது அகராதியோடு நின்றது. நாளிதழுக்கோ பாடநூலுக்கோ வரவில்லை. 'ரெக்கார்ட்' என்று எழுதப்பட்ட சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் பெயர்ச்சொல், இரண்டாம் அசையில் விழுந்தால் வினைச்சொல். எழுத்தில் இரண்டும் ஒன்றே. 1570இல் பீட்டர் லெவின்ஸ் தொகுத்த சொல்லகராதியில் இப்படிப்பட்ட இணைகள் மூன்றே மூன்று: 'அவுட்லா', 'ரெபெல்', 'ரெக்கார்ட்'. 1934 வாக்கில் அவை ஏறத்தாழ 150 ஆகப் பெருகியிருந்தன. பேச்சு அழுத்தத்தைக் கொண்டு புதிய வேறுபாடுகளை உண்டாக்கிக்கொண்டே போக, எழுத்து அதைக் கண்டுகொள்ளாமல் நின்றது.

எழுத்தில் உறைந்த பழைய அழுத்தம்

இந்த நிலைமைக்கு வரலாறு காரணம். பழைய ஆங்கிலத்தில் அழுத்தம் பெரும்பாலும் வேர்ச்சொல்லின் முதல் அசையில் விழும். வேற்றுமையையும் எண்ணையும் காட்டிய விகுதிகள் எல்லாம் சொல்லின் கடைசியில், அழுத்தம் எட்டாத இடத்தில் இருந்தன. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அந்த விகுதிகளின் உயிரொலிகள் மங்கின. 'ஆ', 'ஓ', 'உ' என வெவ்வேறாக இருந்தவை இடைக்கால ஆங்கிலத்தில் ஒரே மங்கலான ஒலியாகி, 'ஈ' என்ற எழுத்தால் எழுதப்பட்டன. பிறகு அந்த ஒலியும் மறைந்தது. பெயர் என்று பொருள்படும் இன்றைய 'நேம்' ஒரு காலத்தில் 'நாமா' போல இரண்டு அசைகளாக ஒலித்த சொல். இன்று அதன் கடைசியில் ஓசையின்றி நிற்கும் 'ஈ' அந்த இரண்டாம் அசையின் எச்சம். பள்ளிகளில் இந்த 'ஈ' முந்தைய உயிரை நீட்டுவதற்கான குறி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இன்றைய பயனைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அது பிறந்தது அழுத்தமிழந்து உதிர்ந்த அசையில்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. அவற்றின் அழுத்தம் கடைசிப் பக்கம் சாய்ந்தது. ஆங்கிலப் பேச்சு அவற்றில் பலவற்றின் அழுத்தத்தைத் தன் வழக்கப்படி முன்னுக்கு இழுத்தது. இழுத்தபோது பின்னிருந்த அசைகள் நலிந்தன. லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் கற்றோர் கொண்டுவந்த சொற்களோ, பின்னொட்டைப் பொறுத்து அழுத்தத்தை இடம் மாற்றும் தன்மை கொண்டவை. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அதன்பின் எழுத்து வடிவங்கள் மெல்ல மெல்ல இறுகின. பேச்சு நிற்கவில்லை. 'வெனஸ்டே' என்று ஒலிக்கும் கிழமைப் பெயரில் 'டி' எழுதுவதும், 'பிஸ்னஸ்' என்ற சொல்லில் ஒலிக்காத 'ஐ' நடுவில் நிற்பதும், 'சாக்லெட்', 'வெஜிடபிள்', 'கம்ஃபர்டபிள்' ஆகியவற்றில் எழுத்தின்படி எண்ணினால் வரும் அசைகளைவிட வாயில் குறைவாக வருவதும் இதனால்தான். அழுத்தம் விட்டுப்போன அசை முதலில் மங்கும், பிறகு மறையும். எழுத்து மட்டும் அதை நினைவில் வைத்திருக்கும்.

சொல்லெல்லையே பெயர்ந்ததும் உண்டு. சமையலறையில் கட்டிக்கொள்ளும் 'ஏப்ரன்' முன்பு 'ந' ஒலியில் தொடங்கிய சொல். முன்னால் வரும் அழுத்தமற்ற 'அ' என்ற சுட்டோடு அந்த 'ந' ஒட்டிக்கொள்ள, 'ஏப்ரன்' தனியே நின்றது. கேட்டவர்கள் தவறாகப் பிரித்தது நாளடைவில் சரியான ஸ்பெல்லிங் ஆகிவிட்டது.

சொற்குடும்பம் தரும் விடை

இதுவரை சொன்னது எழுத்துமுறையின் குறையாகத் தோன்றலாம். 1968இல் நோம் சாம்ஸ்கியும் மாரிஸ் ஹாலேயும் ஆங்கில ஒலியமைப்பைப் பற்றி எழுதிய நூல் இதை மறுபக்கத்திலிருந்து பார்த்தது. சொல்லின் மேலோட்டமான ஒலியைவிட அதன் அடியில் உள்ள வடிவத்தையே ஆங்கில எழுத்து காட்டுகிறது. அந்த வகையில் அது சிறந்த எழுத்துமுறைக்கு மிக நெருங்கி வருகிறது என்பது அவர்கள் வாதம். மிகைதான் என்றாலும், அதில் உண்மை இருக்கிறது.

'ஃபோட்டோகிராஃப்' என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில். அங்கே முதல் 'ஓ' முழுதாக ஒலிக்கும். இரண்டாம் 'ஓ' ஷ்வா ஆகும். புகைப்படக் கலையைக் குறிக்கும் 'ஃபோட்டோகிராஃபி' என்ற சொல்லுக்கு வந்தால் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவுகிறது. இப்போது முதல் 'ஓ' மங்க, இரண்டாம் 'ஓ' தெளிகிறது. முன்பு தெளிவாக இருந்த 'ஏ' மங்குகிறது. 'ஃபோட்டோகிராஃபிக்' என்னும்போது அழுத்தம் மூன்றாம் அசையில் விழுந்து 'ஏ' மீண்டும் தெளிகிறது. தமிழ் எழுத்தில் இம்மூன்றையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறோம். ஆங்கிலேயர் வாயிலோ மூன்றும் மூன்று தாளம். எந்த ஒரு சொல்லும் தனியாக முழு ஸ்பெல்லிங்கையும் காதுக்குத் தருவதில்லை. மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால், ஒவ்வொரு உயிரெழுத்தும் எங்கோ ஓரிடத்தில் அழுத்தம் பெற்றுத் தன் உருவத்தைக் காட்டிவிடுகிறது. ஒலியின்படி எழுதியிருந்தால் இந்தக் குடும்ப உறவு பக்கத்தில் தெரியாமலே போயிருக்கும்.

ஐயமுள்ள அசைக்கு அழுத்தம் கொடுக்கும் உறவுச் சொல்லைத் தேடினால் எழுத்து கிடைக்கும் என்பது இதிலிருந்து வரும் வழி. 'கிராமர்' கடைசியில் 'ஏ'யா 'ஈ'யா? 'கிராமேட்டிக்கல்' என்ற சொல் 'ஏ' என்று சொல்லிவிடும். 'டெஃபினிட்' என்பதில் பலரும் 'ஏ' போடும் இடத்தில் 'ஐ' வர வேண்டும் என்பதை 'டெஃபினிஷன்' காட்டும். 'ஆத்தர்', 'எடிட்டர்', 'மேஜர்' ஆகியவற்றின் ஈற்றில் 'ஓ' இருப்பதை 'அத்தாரிட்டி', 'எடிட்டோரியல்', 'மெஜாரிட்டி' உறுதி செய்யும். 'சிமிலர்' என்பதன் 'ஏ'யை 'சிமிலாரிட்டி' உறுதி செய்யும். ஆங்கிலத்தில் மிகவும் தொல்லை தரும் ஈறுகளில் ஒன்று, 'அன்ஸ்' என்று ஒலித்து 'ஏ' கொண்டும் 'ஈ' கொண்டும் எழுதப்படும் ஈறு. இங்கேயும் 'சப்ஸ்டன்ஸ்' என்பதை 'சப்ஸ்டான்ஷியல்' என்பதோடும், 'கான்ஃபிடன்ஸ்', 'ரெசிடன்ஸ்', 'இன்ஃப்ளுயன்ஸ்' ஆகியவற்றை 'கான்ஃபிடென்ஷியல்', 'ரெசிடென்ஷியல்', 'இன்ஃப்ளுயென்ஷியல்' ஆகியவற்றோடும் வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

கேரல் சாம்ஸ்கி 1970இல் எழுதிய கட்டுரை இந்தக் கருத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. ஒலிக்கும் எழுத்துக்கும் நேர்ப்பொருத்தம் தேடச் சொல்வதைவிட, சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவைத் தேடச் சொல்வது நல்லது என்றார் அவர். இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஏழு வயதில் 'மேஜர்' என்று எழுதக் கற்கும் பிள்ளைக்கு 'மெஜாரிட்டி' தெரிந்திருக்காது. சொற்குடும்பத்தின் நீண்ட உறுப்பினர்கள் பெரும்பாலும் எழுத்து வழியாகவே, பல ஆண்டுகள் கழித்தே அறிமுகமாகிறார்கள். ஆகவே இது தொடக்க வகுப்புக்கான கருவி அல்ல. உயர்நிலை வகுப்புகளுக்கும் பெரியவர்களுக்கும் உரியது. அங்கே அது நன்றாகவே வேலை செய்யும்.

இதற்கும் எல்லைகள் உண்டு. 'ப்ரனவுன்ஸ்' என்ற வினை 'ப்ரனன்சியேஷன்' ஆகும்போது ஸ்பெல்லிங்கே மாறுகிறது. 'மெயின்டெய்ன்', 'எக்ஸ்ப்ளெய்ன்', 'ரிப்பீட்' ஆகியவையும் தம் பெயர்ச்சொற்களில் எழுத்தை மாற்றிக்கொள்கின்றன. உறவை நம்பி எழுதுபவர் இங்கே பிழை செய்வார். 'இன்டிபென்டன்ட்' என்பதற்கும் 'அட்டென்டன்ஸ்' என்பதற்கும் ஈற்றசையில் அழுத்தம் தரும் உறவுச் சொல் இல்லவே இல்லை. ஒன்றில் 'ஈ', மற்றதில் 'ஏ' வருவதற்கான காரணம், மூல லத்தீன் வினை எந்தக் குழுவைச் சேர்ந்தது, அது பிரெஞ்சு வழியாக வந்ததா நேரடியாக வந்ததா என்பதில் புதைந்திருக்கிறது. 'லெமன்', 'பென்சில்' போன்றவை குடும்பமற்ற சொற்கள். அமெரிக்காவில் 1925 முதல் நடந்துவரும் தேசிய ஸ்பெல்லிங் போட்டியில், கேட்ட சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று போட்டியாளர் கேட்க அனுமதி உண்டு. ஷ்வாவைக் காதால் மட்டும் பிரித்தறிய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை. 1985இல் பாலு நடராஜன் அந்தப் பட்டத்தை வென்றதற்குப் பிறகு இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் அதில் தொடர்ந்து வென்று வருகிறார்கள். அவர்கள் பயிற்சியில் சொல்லின் மூலமொழிக்கு முதன்மையான இடம் உண்டு.

இரட்டிக்கும் மெய்யெழுத்து

அழுத்தம் எழுத்தில் நேரடியாகவே தெரியும் ஓர் இடம் உண்டு. வினைச்சொல்லோடு விகுதி சேரும்போது கடைசி மெய்யை இரட்டிப்பதா இல்லையா என்பதை அழுத்தமே முடிவு செய்கிறது. 'பிகின்' என்ற சொல்லில் அழுத்தம் கடைசி அசையில். அதனால் 'பிகினிங்' என்பதில் 'என்' இரண்டு. 'ஓப்பன்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். அதனால் 'ஓப்பனிங்' என்பதில் 'என்' ஒன்றுதான். 'ப்ரிஃபர்', 'அக்கர்' ஆகியவை இறந்தகாலத்தில் 'ஆர்' எழுத்தை இரட்டிக்கும், 'ஆஃபர்' இரட்டிக்காது. ஒரே குடும்பத்துக்குள்ளும் இந்த விதி கண்ணும் கருத்துமாக நடந்துகொள்கிறது: 'ப்ரிஃபர்ட்' என்பதில் 'ஆர்' இரண்டு. 'ப்ரெஃபரன்ஸ்' என்னும்போது அழுத்தம் முதல் அசைக்குப் பின்வாங்கிவிடுவதால் 'ஆர்' ஒன்று. 'அக்கரன்ஸ்' என்பதில் அழுத்தம் பின்வாங்காததால் அங்கே மீண்டும் இரண்டு.

'எல்' எழுத்தில் முடியும் சொற்களில் பிரிட்டன் இந்த விதியைப் பொருட்படுத்துவதில்லை. 'டிராவல்', 'கேன்சல்' இரண்டையும் இரட்டித்தே எழுதும். அமெரிக்க வழக்கு அங்கேயும் அழுத்தத்தைப் பின்பற்றி ஒற்றை 'எல்' எழுதும். இந்த ஒன்றிலாவது அமெரிக்கருக்கே தர்க்கம் அதிகம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 'அக்காமடேட்', 'அக்கேஷன்' போன்ற சொற்களின் தொடக்கத்தில் வரும் இரட்டை மெய்க்கும் இந்த விதிக்கும் தொடர்பில்லை; அவை லத்தீன் முன்னொட்டு அடுத்த மெய்யோடு திரிந்து சேர்ந்ததால் வந்தவை.

காது முதலில் பழகுவது

ஆங்கிலக் குழந்தை எழுத்தைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் காது தாளத்துக்குப் பழகிவிடுகிறது. பீட்டர் ஜுஸிக், ஆன் கட்லர் முதலியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் முதல் அசையில் அழுத்தமுள்ள சொற்களையே அதிக நேரம் கவனித்துக் கேட்டார்கள்; ஆறு மாதக் குழந்தைகளிடம் அந்த விருப்பம் இல்லை. அந்த மூன்று மாத இடைவெளியில் மொழியின் பொதுப்போக்கு காதில் பதிந்துவிடுகிறது. ஆங்கில உரையாடலில் பொருட்சொற்களில் பத்தில் ஒன்பது வலுவான அசையில் தொடங்குகின்றன என்று கட்லரும் டேவிட் கார்ட்டரும் 1987இல் கணக்கிட்டிருந்தார்கள். ஓங்கிய அசை கேட்டால் அங்கே புதிய சொல் தொடங்குகிறது என்று கொள்வது நல்ல ஊகம்.

அந்த ஊகம் தவறும் இடங்களும் சுவையானவை. மிக மெல்லிய ஒலியில் 'கண்டக்ட் அசென்ட்ஸ் அப்ஹில்' என்ற தொடரைக் கேட்கச் செய்தபோது, 'டாக்டர் பில் அனுப்புகிறார்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தைக் கேட்டதாகச் சொன்னவர் உண்டு. ஓங்கிய அசைகள் மட்டும் காதில் சரியாக விழுந்திருக்கின்றன. மற்றதெல்லாம் மனம் இட்டு நிரப்பியது. இதே காது பள்ளிக் குறிப்பேட்டிலும் வேலை செய்கிறது. 'குட் ஹேவ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'குட் ஆஃப்' என்று எழுதும் ஆங்கிலப் பிள்ளைகள் ஏராளம். 'ஹேவ்', 'ஆஃப்' இரண்டும் அழுத்தமிழந்தால் ஒரே ஒலியாகிவிடும். கேட்டதைத்தான் பிள்ளை எழுதுகிறது.

அமெரிக்கச் சிறுவர்கள் தாமாகவே உருவாக்கிக்கொள்ளும் ஸ்பெல்லிங்குகளைச் சார்லஸ் ரீட் 1971 முதல் ஆராய்ந்தார். 'டைகர்' என்ற சொல்லைக் கடைசியில் உயிரெழுத்தே இல்லாமல், 'ஜி'க்குப் பின் நேராக 'ஆர்' வைத்து எழுதுவது அவர்களிடம் சாதாரணம். அந்த அசையில் உயிரொலி என்று தனியாக எதுவும் கேட்காததால் பிள்ளையின் கணக்கு சரியானதே. 1993இல் ரெபெக்கா ட்ரைமன் முதல் வகுப்புப் பிள்ளைகளின் எழுத்தைத் திரட்டி எழுதிய நூலும் இதே திசையில் செல்கிறது: அழுத்தமற்ற அசைகளிலுள்ள ஒலிகளே எழுத்தில் அதிகம் விடுபடுகின்றன. விடுபடும் எழுத்தைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியர், பிள்ளையின் காது சரியாகச் சொன்ன சேதியைத் தவறவிடுகிறார்.

தாள உணர்வு பிள்ளைக்குப் பிள்ளை மாறுபடும். அந்த மாறுபாடு எழுத்தறிவோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. பிரிட்டனில் கிளேர் வுட் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பொருள்களின் பெயரை அழுத்தம் இடம் மாற்றிச் சொல்லி, எது என்று படத்தில் காட்டச் சொன்னார்கள். 'சோஃபா' என்பதன் அழுத்தத்தைக் கடைசி அசைக்குத் தள்ளிச் சொன்னால், கேட்ட ஒலியை மனத்துக்குள் திருத்தி உரிய பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். இதைச் செய்ய முடிந்த பிள்ளைகள் ஒலிகளைப் பகுத்தறிவதிலும் வாசிப்பதிலும் முன்னே இருந்தார்கள். உஷா கோஸ்வாமி இன்னும் அடியில் சென்றார். அவரும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு ஒலியின் உரம் எவ்வளவு வேகமாக எழுகிறது என்பதைப் பிரித்தறிவது கடினமாக இருந்தது. அசை தொடங்கும் இடத்தைக் காது பிடிப்பது அந்த எழுச்சியைக் கொண்டுதான். 2011இல் அவர் இதை ஒரு கோட்பாடாக விரித்தார்: மூளையின் மெதுவான மின்னலைகள் பேச்சின் தாளத்தோடு ஒத்திசைகின்றன, அழுத்த அசைகள் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு, அசைகள் ஏறத்தாழ ஐந்து என்ற வேகத்தில் வருகின்றன, இந்த ஒத்திசைவு தளரும் பிள்ளைக்கு ஒலிகளின் உள்ளமைப்பு மங்கலாகவே பதியும்.

இந்த முடிவுகளை அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. இவற்றில் பெரும்பகுதி வாசிப்பைப் பற்றியவை. ஸ்பெல்லிங்கை நேரடியாக அளந்தவை குறைவு. தாள உணர்வு மிக்க பிள்ளைக்குச் சொல்வளமும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் என்பதால், எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது எளிதல்ல. ஆனாலும் ஒலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்தோடு பொருத்தும் பயிற்சி மட்டுமே போதும் என்ற எண்ணம் பல அசைச் சொற்களின் வாசலில் நின்றுவிடுகிறது. ஓரசைச் சொற்களில் ஷ்வாவுக்கு அனேகமாக வேலையே இல்லை. அந்தச் சொற்களை வைத்தே தொடக்கப் பாடங்கள் எழுதப்படுவதால் சிக்கல் தாமதமாகத் தெரிகிறது.

தமிழ்க் காதும் ஆங்கிலத் தாளமும்

மொழிகளைத் தாளத்தின்படி இரண்டு வகையாகப் பிரிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வலுப்பெற்றது. ஆர்தர் லாய்ட் ஜேம்ஸ் 1940இல் சில மொழிகளை இயந்திரத் துப்பாக்கிக்கும் சிலவற்றைத் தந்திச் சங்கேதத்துக்கும் ஒப்பிட்டார். கெனத் பைக் 1945இல் இவற்றுக்கு அசைத்தாளம், அழுத்தத்தாளம் என்ற பொருளில் கலைச்சொற்கள் தந்தார்: முன்னதில் அசைகளும் பின்னதில் அழுத்தங்களும் சம இடைவெளியில் வரும் என்பது கருத்து. டேவிட் ஆபர்க்ராம்பி 1967இல் ஆங்கிலம், ரஷ்யம், அரபு ஆகியவற்றை அழுத்தத்தாளத்திலும், பிரெஞ்சு, தெலுங்கு, யொரூபா ஆகியவற்றை அசைத்தாளத்திலும் சேர்த்தார். 1982இல் பீட்டர் ரோச் இதே ஆறு மொழிகளையும் அளந்து பார்த்தபோது, சம இடைவெளி என்ற கருத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. காதுக்குத் தோன்றும் வேறுபாடு உயிரொலி எவ்வளவு மங்குகிறது, அசை எவ்வளவு சிக்கலாக அமைகிறது என்பதிலிருந்தே எழுகிறது என்று அடுத்த ஆண்டு ரெபெக்கா டாவர் விளக்கினார்.

எஸ்தர் கிராபேயும் லோ ஈ லிங்கும் 2002இல் 18 மொழி வகைகளை, மொழிக்கு ஒருவர் என்ற அளவில் ஒப்பிட்டார்கள். தமிழும் அதில் இருந்தது. அடுத்தடுத்து வரும் உயிரொலிகளின் கால அளவு எவ்வளவு மாறுகிறது என்ற குறியெண் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு 57.2, தமிழுக்கு 55.8, பிரெஞ்சுக்கு 43.5, ஸ்பானியத்துக்கு 29.7. தமிழ் ஆங்கிலத்துக்கு அருகில் வந்து நிற்பது முதல் பார்வையில் வியப்பு. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். தமிழில் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. கால வேறுபாடு குறில் நெடிலிலிருந்து வருகிறது. ஆங்கிலத்திலோ அழுத்தமும் மங்கலும் அதை உண்டாக்குகின்றன. குறியெண் நேரத்தை மட்டும் அளப்பதால் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

உயிர் குறுகுவது தமிழ் இலக்கணத்துக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று வகுத்தது. 'காடு' என்பதன் ஈற்று உகரம் குறுகும், 'பசு' என்பதன் உகரம் குறுகாது. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் எங்கே குறுகும் என்பது முன்னுள்ள எழுத்துகளிலிருந்தே விதிப்படி தெரிந்துவிடும். குறுகினாலும் அது உகரமாகவே அறியப்படும். அகரத்தோடோ இகரத்தோடோ கலந்துவிடாது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு உத்தரவாதமும் இல்லை.

தமிழர் ஆங்கிலம் பேசும்போது அழுத்தமற்ற அசைகளுக்கும் முழு உயிரைக் கொடுப்பது இதனால்தான். ஆங்கிலேயர் நம் பேச்சைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் இடங்களில் சொல்லழுத்தம் முக்கியமான ஒன்று என்று ஹைதராபாத் மத்திய ஆங்கில நிறுவனத்தில் ஆர். கே. பன்சல் 1969இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பேச்சில் குறையாகும் இதே பழக்கம் ஸ்பெல்லிங்கில் பல நேரம் துணையாகிறது. 'டெவலப்மென்ட்' என்பதன் ஈற்றை 'மென்ட்' என்று முழுதாகச் சொல்பவருக்கு அங்கே 'ஈ' எழுதுவதில் ஐயமே வராது. 'மன்ட்' என்று மங்கலாகச் சொல்பவருக்கே வரும். ஆனால் இந்தத் துணை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. 'டாக்டர்', 'மாஸ்டர்', 'டாலர்' மூன்றையும் தமிழில் 'அர்' என்று முடிக்கிறோம். ஆங்கிலத்தில் முறையே 'ஓ', 'ஈ', 'ஏ'. ஷ்வா ஒளிந்திருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தும் அதைச் சரியாகவே ஒன்றாக்கிவிட்டது. மெய்யிரட்டிப்பு விதியில் தமிழ் மாணவரின் சங்கடம் இன்னும் பெரிது. 'ஆஃபர்', 'ப்ரிஃபர்' இரண்டையும் ஒரே தாளத்தில் சொல்பவருக்கு, ஒன்று ஏன் இரட்டிக்கிறது, மற்றது ஏன் இரட்டிக்கவில்லை என்பது வெறும் மனப்பாடமாகவே இருக்கும்.

பயிற்றும் முறைகள்

வகுப்பறையில் இதற்குப் பயன்படும் வழிகள் சிலவே. பல அசைச் சொல்லைக் கற்பிக்கும்போது அழுத்தம் எங்கே என்று முதலில் கேட்பதும், அகராதியின் அழுத்தக் குறியைப் படிக்கப் பழக்குவதும் அடிப்படை. நம் ஆங்கில வகுப்புகளில் அகராதி பொருள் பார்க்க மட்டுமே திறக்கப்படுகிறது. உச்சரிப்புப் பகுதியைக் கண் தாண்டிவிடுகிறது. சொல்லின் அசைகளுக்குப் பதிலாக 'டீ' என்ற ஒரே ஒலியை வைத்துத் தாளத்தை மட்டும் சொல்லி, சொல்லைக் கண்டுபிடிக்கச் செய்யும் விளையாட்டு ஆய்வுக்கூடத்தில் சோதனைக் கருவியாகப் பயன்பட்டது. வகுப்பிலும் செலவின்றிச் செய்யலாம். மேல்வகுப்புகளில் சொற்களைக் குடும்பமாகக் கற்பிப்பது, முன்னே பார்த்ததுபோல, ஷ்வாவின் எழுத்தைக் கண்டுபிடிக்கும் நேர்வழி.

குடும்பமில்லாத சொற்களுக்கு வேறொரு வழி உண்டு. பேச்சில் எப்படி ஒலித்தாலும், எழுதும் நேரத்தில் மட்டும் ஒவ்வொரு அசைக்கும் முழு அழுத்தம் கொடுத்து, எழுத்தில் உள்ளபடி மனத்துக்குள் உச்சரித்துக்கொள்வது. கிழமைப் பெயரை 'வெட்-னெஸ்-டே' என்று பிரித்துச் சொல்லி எழுதும் ஆங்கிலப் பிள்ளைகள் இதைத்தான் செய்கிறார்கள். லினியா ஏரியும் டோரதி டிரேக்கும் 1984இல் நான்காம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சோதித்து, இப்படிக் கவனமாக உச்சரித்துக் கற்றவர்களுக்கு ஸ்பெல்லிங் நன்றாக நினைவில் நின்றதைக் கண்டார்கள். பிற்பாடு கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஆய்விலும் பலன் தெரிந்தது. தமிழ் மாணவர்கள் இதைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் புதிதாக வேண்டியது இன்னொன்று: எழுதும்போது ஒலிக்கும் அந்த முழு உயிர் ஒருபுறம், பேசும்போது அழுத்தத்துக்கேற்ப மங்கும் உயிர் மறுபுறம் என இரண்டு உச்சரிப்புகளையும் ஒரே சொல்லுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம்.